தர்மேந்திரன் காரை விற்காத கதை

"விக்க மாட்டேன்!"

தர்மேந்திரன் இப்படி முழங்கியபோது காலை ஆறரை மணி. விற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மனைவி ஜெயந்தினி டீக் கோப்பையைத்தான் நீட்டினாள். ஆனால் கோப்பைக்குக் கீழே ஒரு காகிதம் இருந்தது. கராஜ் பில். இந்த வருடத்தில் ஐந்தாவது. அந்த வீட்டில் சண்டை எப்போதும் இப்படித்தான் தொடங்கும். அவள் பேச மாட்டாள். காகிதத்தை வைப்பாள். அவர் தானாகவே பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"நான் ஒண்ணுமே சொல்லலீங்களே."

"சொல்லாமச் சொல்ற. இருபத்திரெண்டு வருஷமா உன்னத் தெரியாதா எனக்கு?"

"சரி, விக்க வேணாம். டீயக் குடிங்க. ஆறிடும்."

"அவ்வளவு லேசுல விட்டுடுற ஆளா நீ? சந்தேகமா இருக்கே!"

"அப்ப வித்துடுங்க."

"பாத்தியா! பாத்தியா! வந்துடுச்சு வெளியில!"

விஷயம் இதுதான். தர்மேந்திரனிடம் ஒரு கார் இருந்தது. தொண்ணூற்று நாலாம் வருடத்து ஜப்பான் கார். வாங்கிப் பதினேழு வருடம். வாங்கும்போது முழுக்க நீலம். இப்போது போனட் ஒரு நீலம், இடது கதவு ஒரு நீலம், டிக்கி என்ன நிறம் என்று பெயின்ட் அடித்த கராஜ் பாஸுக்கே தெரியாது. மாத்தளை டவுனில் அவருக்குக் கொச்சிக்காய், மல்லி, மஞ்சள் அரைக்கிற மில் ஒன்று உண்டு. பதினேழு வருடமாக மிளகாய்த் தூள் மூட்டைகள் அந்தக் காரில்தான் போய் வந்தன. அதனால் அதில் ஏறுகிறவர்கள் பக்கத்திலிருக்கும் அலுவிகாரை போய்ச் சேர்வதற்குள் ஒன்பது தும்மல் போட்டுவிடுவார்கள். அவர் மட்டும் தும்மவே மாட்டார். அதிலும் அவருக்கு ஒரு பெருமை.

அந்தக் காரை ஸ்டார்ட் பண்ணுவது ஒரு பூசை. ஆக்ஸிலேட்டரை மூன்று தரம் மிதிக்க வேண்டும். டாஷ்போர்டின் இடது மூலையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து வரைக்கும் எண்ண வேண்டும். அப்புறம்தான் சாவி. முன்னே பின்னே செய்தால் அது இருமும், செருமும், கிளம்பாது. இந்த வித்தை உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

ஏன் சொல்லிக் கொடுக்க வேண்டும்? அந்த வீட்டில் என்ன சமைப்பது என்பது ஜெயந்தினி முடிவு. சுவருக்கு என்ன நிறம் என்பதும் அவள் முடிவு. எந்த பேங்க், எந்தக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய், அவர் எந்தச் சட்டை போட வேண்டும், முடியை எப்போது வெட்ட வேண்டும், எல்லாம் அவள். கார் ஒன்றுதான் அவர் கையில். பலாபத்வல பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான ஜெயந்தினி ஏழரைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு மனசிருந்தால் கொண்டுபோய் விடுவார். இல்லாவிட்டால், "இன்னைக்கி வண்டிக்கு மூடு சரியில்ல" என்பார். அவள் பஸ்ஸுக்கு ஓடுவாள். இந்தக் கார் போய்விட்டால் தன் சொல்லுக்கு இந்த வீட்டில் என்ன மரியாதை மிஞ்சும்? 

மதிலுக்கு அந்தப் பக்கம் நுஹ்மான் நாநா எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர். தொழில், வாகனத் தரகு. காரைப் பற்றிய பேச்சு எந்த வீட்டில் நடந்தாலும் அவர் காது அங்கே இருக்கும்.

"தர்மா, நான் செல்றதக் கேளுங்க. தடைய எடுத்து, வெளிநாட்டு வாகனம் மறுகா வரத் தொடங்கியாச்சு. இப்ப பழைய வண்டிக்கி நல்ல வெல ஈக்கிது. இன்னும் ஆறு மாசம் போனா, இரும்புக் கடைக்காரனும் மொகத்தத் திருப்பிக்குவான்."

"நாநா, நீங்க உங்க கமிஷனுக்குப் பேசுறீங்க."

"கமிஷனுக்குத்தான் பேசுறன். வேற எதுக்குப் பேச? அதுக்காகச் செல்றது பொய்யாகுமா?"

"முப்பது வரும்னு சொன்னீங்களே நாநா?" என்று ஜெயந்தினி உள்ளேயிருந்து கேட்டாள்.

"முப்பது லட்சம் கண்ண மூடிக்கிட்டு வரும்."

"ஆ! ரெண்டு பேரும் ஏற்கெனவே பேசி வச்சிருக்கீங்க!" தர்மேந்திரன் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். இடுப்புச் சாரத்தை இறுக்கிக் கட்டினார். "கேட்டுக்குங்க. இந்த வண்டி என்னோட இருக்கும். நான் சாகுற வரைக்கும் இருக்கும்."

"சரிங்க," என்றாள் ஜெயந்தினி, பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளைப் பையில் அடுக்கிக்கொண்டே. "ஆனா ஒரு கணக்கு வேணாமா? எப்ப விக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் முடிவு. அதுக்குப் பொறகு நான் கேக்கவே மாட்டேன்."

நீங்க சொல்றதுதான் முடிவு. இந்த வார்த்தைகளை அவள் வாயால் கேட்டு எத்தனை வருடம்! தர்மேந்திரனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்தில் சாட்சிக்கு நுஹ்மான் நாநாவும் இருக்கிறார்.

"சொல்றேன். எல்கடுவ ஏத்தம் தெரியுமில்ல? ஆளும் சாமானும் நெறைய ஏத்திக்கிட்டு அந்த ஏத்தத்துல ஏத்துறேன். வழியில ஒரு எடத்துல, ஒரே ஒரு எடத்துல நின்னுட்டா, அன்னைக்கே விக்கிறேன். நிக்காம ஏறிட்டா, கார விக்கிற பேச்சுக்கு நீ வாயத் தொறக்கக் கூடாது. ஆயுசுக்கும்!"

"சரிங்க."

"என்ன சரிங்க?"

"நிக்காம ஏறிட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம எல்கடுவ தோட்டத்து அம்மன் கோயில்ல திருவிழா. ராசம்மா அண்ணியும் போகணும்னாங்க. அன்னைக்கே போவோம்."

அவள் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். தர்மேந்திரனுக்கு உட்காரவே முடியவில்லை. ஜெயந்தினி இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டால் அதற்குள் ஏதோ இருக்கிறது. என்ன? யோசித்தார். பல் விளக்கும்போது விடை கிடைத்தது. சதி! ஏத்தத்தில் காரை நிறுத்தப் பார்ப்பாள்!

அன்றிலிருந்து தர்மேந்திரன் காவல் காத்தார். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். குளிக்கும்போதும் அவிழ்க்கவில்லை. பெற்றோல் டேங்கில் சீனியைக் கொட்டினால் எஞ்சின் செத்துவிடும் என்று எங்கோ கேட்டிருந்தார். அதனால் வீட்டிலிருந்த சீனி டின்னைத் தூக்கிக்கொண்டு போய் மில்லில் வைத்துப் பூட்டினார்.

"என்னங்க, சீனி டின்னக் காணோம்."

"காணோமா? எனக்கென்ன தெரியும்?"

"சரி. ரெண்டு பேருக்கும் வயசாகுது. சீனி இல்லாமக் குடிக்கிறது நல்லதுதான்."

ஐந்து நாள் சீனி போடாத டீ, வெறும் சாயம். ஒவ்வொரு வாய்க்கும் அவர் முகம் கோணியது. கேட்டால் குட்டு உடைந்துவிடும். மில்லில் டின்னைத் திறந்து ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், பக்கத்தில் கொச்சிக்காய் மூட்டை. அந்த வாரம் சீனியும் உறைத்தது. எதிரியை வெல்லுகிறவன் இதையெல்லாம் தாங்கத்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை மட்டும் அவரால் காவல் காக்க முடியவில்லை. தம்புள்ளைக்குக் காய்ந்த மிளகாய் எடுக்க லொறியில் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் காரைச் சுற்றி வந்தார். டயரைத் தட்டினார். பெற்றோல் மூடியை முகர்ந்தார். கீழே படுத்துப் பார்த்தார். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. வியாழக்கிழமை மில்லுக்கு ஓட்டிப் போகும்போது வண்டி வழக்கத்தைவிட நன்றாகவே ஓடியது. மணிக்கூண்டு பக்கம் வழக்கமாக வருகிற விக்கல்கூட வரவில்லை.

"பாத்தீங்களா நாநா?" என்றார் மதில் பக்கம் போய். "சவால்னு தெரிஞ்சதும் வண்டிக்கே ரோஷம் வந்துடுச்சு."

"வரும், வரும்," என்றார் நுஹ்மான் நாநா. "வண்டியும் மனுஷன் மாதிரித்தானே." சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தர்மேந்திரன் விடியும்போதே எழுந்து காரின் பாரத்தைக் குறைக்கத் தொடங்கினார். ஸ்பேர் வீலை இறக்கி வைத்தார். ஜாக்கி, கால்மிதி, டிக்கியில் இருந்த பழைய குடை, எல்லாம் வெளியே. சட்டைப் பையில் கிடந்த சில்லறையையும் மேசையில் வைத்தார். கடைசியில் தன்னையே பார்த்தார். தன் பாரமும் பாரம்தானே?

"எனக்குக் காலச் சாப்பாடு வேணாம்."

"ஏங்க?"

"பசியில்ல."

ஜெயந்தினி நாலு ரொட்டியையும் உறைக்கிற கட்டசம்பலையும் வாழை இலையில் மடித்து எடுத்துக்கொண்டாள். "வழியில சாப்பிடுங்க."

"அந்தப் பொட்டலம் கார்ல வரக் கூடாது!"

"வயித்துல வந்தா என்ன, பையில வந்தா என்ன? பாரம் ஒண்ணுதானே?"

கணக்கு டீச்சரிடம் இதையெல்லாம் பேசக் கூடாது. 

முதலில் வந்தது அவருடைய அக்கா ராசம்மா. அக்கா நல்ல ஆகிருதி. பாசமும் அதே அளவு. கூடவே திருவிழாவுக்கு இரண்டு பலாப்பழம் கொண்டுவந்திருந்தாள். தர்மேந்திரன் பலாப்பழங்களைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார். அடுத்து கேட்டுக்கு வெளியே ஒரு பெரியவர் நின்றார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, காலடியில் இரண்டு அரிசி மூட்டை.

"இவர் லெட்சுமணன் அண்ணன்," என்றாள் ஜெயந்தினி. "எங்க பள்ளிக்கூடத்து டீச்சரோட அப்பா. எல்கடுவ தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்தவரு. இப்ப அங்கயே கடை வச்சிருக்காரு. கோயில் தலைவரும் இவர்தான். அன்னதானத்துக்கு அரிசி எடுக்க டவுனுக்கு வந்தாராம். நம்மளோட வரட்டுமே."

இதோ! சதி வெளியே வந்துவிட்டது! மூட்டையால் அடிக்கப் பார்க்கிறாள்! தர்மேந்திரன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற சிரிப்பு.

"தாராளமா வரட்டும். இன்னும் யாராவது இருக்காங்களா? ரோட்டுல போறவங்களையும் கூப்பிடு! இந்த வண்டி யாருக்கும் பயந்தது இல்ல!"

லெட்சுமணன் முன் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் அக்கா, ஜெயந்தினி, ஒரு பலாப்பழம். மிச்சம் டிக்கியில். தர்மேந்திரன் பூசையைத் தொடங்கினார். மூன்று மிதி. இரண்டு தட்டு. ஐந்து வரைக்கும் எண்ணினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உயிர்பெற்றது.

"கைராசி," என்றார் லெட்சுமணனிடம். "இத நான் மட்டுந்தான் ஸ்டார்ட் பண்ண முடியும்."

"அப்படியா தம்பி?" என்று பெரியவர் தலையை ஆட்டினார். அதற்குள் முதல் தும்மல் வந்துவிட்டது.

உக்குவளை தாண்டி ஏத்தம் தொடங்கியது. ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் பள்ளம். வளைவுக்கு மேல் வளைவு. தர்மேந்திரன் ஸ்டியரிங்கை மார்போடு அணைத்துக்கொண்டார். இரண்டாவது கியர். கார் முனகியது. ஆனால் ஏறியது. பெரியவர் தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிப் புகை வருகிறதா என்று பின்னால் பார்த்தார். இப்படி ஒரு ரசிகர் தன் காருக்குக் கிடைத்ததே இல்லை என்று தர்மேந்திரனுக்குத் தோன்றியது.

"எண்ணெ எப்படிக் குடிக்கும் தம்பி?"

"குடிக்கவே குடிக்காது அண்ணே. மோந்து பாக்கும், அவ்வளவுதான்."

"மழ நாள்ல?"

"மழயில தான் இன்னும் நல்லா ஓடும்."

"எங்கயாவது அடிபட்டிருக்கா?"

"ஒரு கீறல் கெடையாது. பெயின்ட் மட்டும் அப்பப்ப ஆசைக்கு மாத்துவேன்."

பின்னால் அக்கா தும்மினாள். "தம்பி, ஆத்தா புண்ணியத்துல ஏறுதுடா!"

"ஆத்தா புண்ணியம் இல்ல அக்கா, எஞ்சின் புண்ணியம்!"

கடைசி வளைவு வந்தது. எல்கடுவ ஏத்தத்தில் நல்ல நல்ல வண்டியெல்லாம் மூச்சுவாங்குகிற இடம். தர்மேந்திரன் முதல் கியருக்குப் போட்டார். காலை அழுத்தினார். உடம்பு முழுக்க வேர்த்தது. நின்றுவிட்டால்? நின்றுவிட்டால் எல்லாம் போச்சு. நாளையிலிருந்து வீட்டில் அவர் ஒரு ஆள், அவ்வளவுதான். "ஏறு, ஏறு, மானத்தக் காப்பாத்து!" என்று வாய்விட்டே சொன்னார். கார் ஒரு கணம் தயங்கியது. பிறகு, என்ன நினைத்ததோ, ஒரே இழுப்பாக ஏறி மேட்டுக்கு வந்துவிட்டது.

தர்மேந்திரன் ஹோர்னை அமுக்கினார். விடவே இல்லை. தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். கண்ணாடியில் ஜெயந்தினியைப் பார்த்தார். அவள் வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் தோல்வி இருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் தெரியவில்லை. அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"நல்ல வண்டி தம்பி," என்றார் லெட்சுமணன். "இப்படி ஒரு வண்டி இப்ப என்ன வெல போகும்?"

மனைவி காதில் விழட்டும் என்று தர்மேந்திரன் குரலை உயர்த்தினார். "வெலயா? சில பேரு முப்பதும்பாங்க. முப்பதுக்கு இதோட ஹோர்னக்கூடக் குடுக்க மாட்டேன்! முப்பத்தஞ்சு லட்சம்! அதுக்கு ஒரு சதம் கொறஞ்சாலும் எவனும் கிட்ட வரக் கூடாது!"

பின்னால் ஜெயந்தினி இருமினாள்.

"என்ன?"

"கொச்சிக்காத் தூள்," என்றாள்.

"முப்பத்தஞ்சு," என்று பெரியவர் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். 

கோயிலில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. அரிசி மூட்டைகளை இளைஞர்கள் இறக்கினார்கள். "இந்த வண்டியா இவ்வளவயும் ஏத்திக்கிட்டு வந்திச்சு?" என்று யாரோ கேட்டார்கள். "இந்த வண்டிதான்! நிக்காம வந்திச்சு!" என்றார் தர்மேந்திரன். கேட்காதவர்களிடமும் சொன்னார். ஐயரிடமும் சொன்னார். வெற்றி பெற்றவனுக்கு ஊர் முழுக்கச் சொந்தம். ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து நாலு ரொட்டியையும் அங்கேயே தின்று தீர்த்தார்.

தீபாராதனை முடிந்தது. லெட்சுமணன் உள்ளே போய் யாரிடமோ பேசினார். திரும்பி வந்தவர் கையில் ஒரு பொன்னாடை. பின்னால் ஒருவர் தாம்பாளத் தட்டு ஏந்தி வந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழச் சீப்பு, தேங்காய், மேலே ஒரு கவர்.

"தம்பி, முன்னால வாங்க."

தர்மேந்திரன் சுற்றிலும் பார்த்தார். தன்னைத்தான். நூற்றைம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, பொன்னாடையை அவர் தோளில் போர்த்தினார்கள். மேளக்காரர் ஒரு உருட்டு உருட்டினார்.  மாத்தளை டவுனில் இருபத்தைந்து வருடம் மில் நடத்தியும் ஒருவரும் ஒரு துண்டுகூடப் போர்த்தியது கிடையாது. பாருங்கள், தோட்டத்துச் சனங்களுக்குத்தான் ஒரு மனுஷனின் அருமை தெரிகிறது! ஜெயந்தினி பார்க்கிறாளா? பார்க்கிறாள். கைகூடத் தட்டுகிறாள்.

லெட்சுமணன் தட்டை நீட்டினார். "ஆத்தாவ நெனச்சிக்கிட்டு, மனப்பூர்வமா வாங்குங்க தம்பி."

தர்மேந்திரன் செருப்பில்லாத காலோடு முன்னே வந்தார். இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இத நான் உசிரு இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்," என்றார். 

"சந்தோஷம்!" என்றது கூட்டம்.

"சந்தோஷம் தம்பி," என்றார் லெட்சுமணன். "அட்வான்ஸ் கவர்ல இருக்கு. மிச்சம் நாளைக்கே பேங்க்ல. முப்பத்தஞ்சுன்னு சொன்னீங்க, நல்ல நாளும் அதுவுமா நான் பேரம் பேசல. இந்த ஏத்தத்துல சாமான் கொண்டாற ஒரு வண்டி ரெண்டு வருஷமாத் தேடிக்கிட்டிருந்தேன். சாவியத் தர்றீங்களா?"

தர்மேந்திரனுக்கு முதலில் விளங்கவில்லை. கவரைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். பொன்னாடையைப் பார்த்தார். விளங்கியதும் தட்டைத் தன்னைவிட்டுத் தள்ளிப் பிடித்தார்.

"அண்ணே! இது... நான் மரியாதைன்னுல்ல நெனச்சேன்!"

"மரியாதைதான் தம்பி. நல்ல வண்டியக் குடுக்கிறவருக்கு நாங்க எப்பவும் செய்யிறது."

"இல்ல, நான் விக்கல! இந்தாங்க, தட்டப் பிடிங்க!"

 மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்தார். அக்கா ராசம்மா பாய்ந்து வந்தாள்.

"டேய் தர்மா! ஆத்தா சந்நிதியில ரெண்டு கையால வாங்கின வெத்தலயத் திருப்பிக் குடுப்பியா? நம்ம குடும்பத்துல யாராவது அப்படிச் செஞ்சிருக்காங்களா? நம்ம அப்பா மாட்ட வித்தப்ப வெத்தல வாங்கினதுக்குப் பொறகு ஒரு வார்த்த பேசினாரா?"

"அக்கா, உனக்குத் தெரியாது..."

"எனக்கு எல்லாந் தெரியும். கண்ணுல ஒத்திக்கிட்டியேடா! நூத்தம்பது பேரு பாத்தாங்க!"

தர்மேந்திரன் மனைவி பக்கம் திரும்பினார். கோபத்தில் காது சிவந்திருந்தது.

"நீதானே இதுக்குக் காரணம்!"

"நானா?" ஜெயந்தினி கையிலிருந்த குங்குமத்தை நிதானமாக நெற்றியில் வைத்துக்கொண்டாள். "நின்னா விக்கணும்னீங்க. நிக்கல. நிக்காம ஏறிட்டா நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னீங்க. தொறந்தேனா? ஏறினதுக்குப் பொறகு கொச்சிக்காத் தூள்னு ஒரு வார்த்ததான் சொன்னேன். வெல சொன்னது நீங்க. தட்டு வாங்கினதும் நீங்க. அண்ணிகிட்டக் கேளுங்க."

"தொறக்கல," என்றாள் அக்கா.

வேறு வழியில்லை. காரை விட்டு இறங்கியதும் சாவியை மறுபடி அரைஞாண் கயிற்றில் முடிச்சுப் போட்டிருந்தார். அதை அவிழ்க்க ஐந்து நிமிடம் ஆனது. கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆனால் சாவியைக் கொடுக்கும்போது அவருக்குள் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. வித்தை! அந்த வித்தை இருக்கிறதே! அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எடுத்துப் பாருங்க அண்ணே. நான் இல்லாம அது கிளம்பாது. கெஞ்சினாலும் நான் சொல்லித் தர மாட்டேன். நாளைக்கு நீங்களே கொண்டாந்து என் வாசல்ல விட்டுட்டுப் போவீங்க."

லெட்சுமணன் ஏறி உட்கார்ந்தார். மிதிக்கவில்லை. தட்டவில்லை. எண்ணவும் இல்லை. சாவியைத் திருப்பினார். கார் கிளம்பிவிட்டது.

தர்மேந்திரனின் கட்டிய கை தானாக அவிழ்ந்தது. "எப்படி?"

"புதன்கெழம நீங்க தம்புள்ளைக்குப் போனப்ப நுஹ்மான் நாநா ஒரு மெக்கானிக் பாஸக் கூட்டியாந்தாரு," என்றாள் ஜெயந்தினி. "என்கிட்ட இருந்த மாத்துச் சாவியால தொறந்து, புது ப்ளக்கு போட்டு, கார்புரேட்டரச் சுத்தம் பண்ணிட்டுப் போனாரு. அந்த ரெண்டு வேலையுந்தான் பதினேழு வருஷமாச் செய்யாம இருந்திச்சாம். வாங்குறவருக்கு வழியில நின்னுட்டா நமக்குத்தானே அசிங்கம்?"

அப்படியானால் வியாழக்கிழமையிலிருந்து அவர் செய்த மிதியும் தட்டும் எண்ணிக்கையும் எதற்கு? அவர் அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"டவுன்ல எறக்கி விட்டுட்டு வண்டிய எடுத்துக்கிறேன்," என்றார் லெட்சுமணன். முழங்கால் வலி என்று அக்கா முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். தர்மேந்திரன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் காரின் பின் சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் துள்ளினார்.

"என்ன இது? ஏதோ குத்துது!"

"சீட்டுக் கம்பிங்க. எட்டு வருஷமாக் குத்துது."

"ஏன் நீ சொல்லல?"

"சொன்னேன். வண்டியக் கொற சொல்லாதேன்னீங்க."

கார் ஏத்தத்தில் இறங்கியது. தர்மேந்திரன் அந்தக் கம்பிக்கு இந்தப் பக்கம் நகர்ந்தார், அந்தப் பக்கம் நகர்ந்தார். கொச்சிக்காய்த் தூளும் பின் சீட்டில்தான் படிந்திருந்தது போலிருக்கிறது. அவருக்கும் தும்மல் வந்தது. அந்தக் காரில் அவர் போட்ட முதல் தும்மல். அடக்கப் பார்த்தார், இரண்டாவது வந்தது. ஒவ்வொரு வளைவிலும் கோபம் கூடியது. உக்குவளை வந்ததும் பொறுக்க முடியாமல் வெடித்தார்.

"கேட்டுக்கோ ஜெயந்தி! ஏமாந்துட்டேன்னு நெனச்சிடாத. முப்பத வாங்கியிருக்க வேண்டிய எடத்துல முப்பத்தஞ்சு வந்திருக்கு. யாரால?"

"உங்களாலதாங்க. நான் ஆயிரம் பேசியிருந்தாலும் கெடச்சிருக்காது."

"ஆ! அந்த நெனப்பு இருக்கட்டும். அடுத்த கார் என் இஷ்டம். நுஹ்மான் நாநா குறுக்க வரக் கூடாது. அக்கா பேசக் கூடாது. நீ பேசவே கூடாது."

"சரிங்க."

"உனக்கு வெள்ள நெறம் பிடிக்கும்னு எனக்குத் தெரியும். டவுன்ல பாதிக் கார் வெள்ளதான். நமக்கு வேணாம். சின்னக் கார். கியர் இல்லாதது. சிவப்பு! நல்ல மொளகாப் பழம் மாதிரி சிவப்பு! நான் சொல்றதுதான் முடிவு. யாரு வந்து சொன்னாலும் இதுல மாத்தமே கெடையாது!"

முன்னால் அக்காகூடத் திரும்பிப் பார்த்தாள். தம்பியின் குரலில் அப்படி ஒரு கம்பீரம்.

ஜெயந்தினி அவர் தோளில் சரிந்திருந்த பொன்னாடையை இழுத்துச் சரிசெய்துவிட்டாள்.

"சிவப்புதாங்க. போன வெள்ளிக்கெழமயே அட்வான்ஸ் கட்டிட்டேன்."